வெள்ளிக்கிழமை இரவின் விவாத மேடை மீண்டும் வேண்டும்: மால்ட்டாவின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மால்ட்டாவின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கும், டிவிஎம் அலைவரிசையில் எது வரவேண்டும் என்று முடிவுசெய்யும் அனைவருக்கும்,

அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கான நிகழ்ச்சிகளை நீங்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறீர்கள். 2020ஆம் ஆண்டில் அப்படித் தேர்ந்தெடுத்தபோது, 1997 முதல் 23 ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்துகொண்டிருந்த ‘ஷராபாங்க்’ நிகழ்ச்சிக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த முடிவை அன்று கண்டித்தவர்கள் கண்டித்தார்கள், வரவேற்றவர்கள் வரவேற்றார்கள், பிறகு பேச்சு அடங்கிவிட்டது. அப்படி அடங்கியது சரியில்லை என்று நினைப்பதால் இம்மடலை எழுதுகிறேன். நான் மால்ட்டாவில் பிறந்தவள் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்து, உங்கள் தீவின் தென்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்ப்பவள். கோபத்தைத் தடுமாறாமல் எழுத எனக்குத் தாய்மொழியில்தான் வரும் என்பதால் தமிழில் எழுதி, அயல்நாடுகளில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்று இங்கே வெளியிடுகிறேன். மால்ட்டிய மொழியில் எழுதிய படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெப்பி அட்ஸோபார்டி நடத்திய அந்த நிகழ்ச்சியில் அரங்கம் நிறையப் பார்வையாளர்கள் இருப்பார்கள். அமைச்சர், மருத்துவர், பாதிரியார், பறவை வேட்டைக்காரர் என்று யார் விருந்தினராக வந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர் எழுந்து அவரை மடக்கலாம். எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் பேச்சாளர்கள் மேடையில் வாதிடுவார்கள், கீழே இருப்பவர்கள் கைதட்டுவதோடு சரி, தீர்ப்பையும் நடுவரே சொல்லிவிடுவார். ஷராபாங்கில் கைதட்டுகிறவர் கைக்கும் மைக் போகும், நடுவரென்று தீர்ப்புச் சொல்ல யாரும் கிடையாது. தேர்தல் காலங்களில் இரு பெரிய கட்சிகளின் தலைவர்களும் அந்த அரங்கில் நேருக்கு நேர் நின்று வாதிட்டார்கள். கீழே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் பல சமயம் தலைவர்களின் பேச்சே காதில் விழாது.

இப்படி ஒரு மேடை எந்த நாட்டுக்கும் தேவை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மால்ட்டாவுக்கு அது எவ்வளவு தேவை என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தொழிலாளர் கட்சிக்குச் சொந்தமாக ‘ஒன்’ தொலைக்காட்சி, தேசியவாதக் கட்சிக்குச் சொந்தமாக ‘நெட்’ தொலைக்காட்சி என்று இரு கட்சிகளும் தத்தம் அலைவரிசையை வைத்திருக்கும் நாடு இது. அரசியல் சர்ச்சைகளில் ஒளிபரப்பு நடுநிலை தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உங்கள் அரசியல் சாசனத்தின் 119ஆவது பிரிவு ஒளிபரப்பு ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் ஒரு கட்சி அலைவரிசையின் சாய்வை மறு கட்சி அலைவரிசையின் சாய்வு ஈடுகட்டிவிடும் என்ற கணக்கே நெடுங்காலம் ஓடியது. இரண்டு சாய்வுகள் சேர்ந்தால் ஒரு நடுநிலை ஆகிவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்லை, தன் கட்சி அலைவரிசையோடு நின்றுவிடுகிறார்.

இதை நான் ஏதோ ஆய்வில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற கப்பல்கட்டும் துறைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். இரும்பில் அடிக்கும் சுத்தியல் சத்தத்திலேயே இளமை முழுவதும் கழிந்ததால் ஒரு காது அறவே கேட்காது, ஆகவே தொலைக்காட்சியை உச்சபட்ச ஒலியில் வைத்துத்தான் பார்ப்பார். பார்ப்பது எப்போதும் ஒன் அலைவரிசை. எதிர் அறையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு நெட் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில்கூட இருவரும் அருகருகே உட்கார மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் இருவரும் கூடத்துக்கு வருவார்கள், ஏனென்றால் அன்றைய நிகழ்ச்சியைத் தனியே பார்த்தால் யாரோடு சண்டை போடுவது? அவர் கைத்தடியால் தரையைத் தட்டுவார், அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பதிலுக்குப் பதில் கொடுப்பார். இரவு மாத்திரையை நீட்டினால், விளம்பரம் வரட்டும் என்று இருவரும் ஒரே குரலில் என்னை அதட்டுவார்கள். வாரம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நிகழ்ச்சி நின்றபின் வெள்ளிக்கிழமை இரவும் மற்ற இரவுகளைப் போலாகி, அவரவர் அறையில் அவரவர் அலைவரிசை ஓடத் தொடங்கியது. முதுமையும் நோயும் பெருந்தொற்றுக் காலமும் அதற்குக் காரணமாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்த ஒரே காரணமும் இல்லாமல் போனது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பின் அந்த நேரத்தில் வேறு நிகழ்ச்சிகள் வந்தன. நல்ல நிகழ்ச்சிகளும் உண்டு, சிரிக்கவைத்தவையும் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் யாரும் யாரோடும் வாதாடவில்லை.

இனி என் சொந்த வழக்குக்கு வருகிறேன். மால்ட்டிய மொழியை ஒரு வெளிநாட்டவர் கற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் கடினமாக்குவது நீங்கள் காட்டும் மரியாதைதான். கடையிலோ பேருந்திலோ என் முகத்தைப் பார்த்தவுடனே மால்ட்டாக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். நான் திக்கித் திணறி மால்ட்டிய மொழியில் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில் வரும். பாலூற்றிக் கண்ணாடித் தம்ளரில் டீ தரும் கடைகளில்கூட, தம்ளர் எங்கள் ஊர்த் தம்ளர் போலவே இருக்கும், பேச்சு மட்டும் ஆங்கிலம். வகுப்பில் விலை கேட்கவும் வழி கேட்கவும் நன்றி சொல்லவும் கற்றுத்தந்தார்கள். ஒருவர் கோபத்தில் எப்படிப் பேசுவார், பாதிப் பேச்சில் எப்படி மறிப்பார், கிண்டலை எந்த இடத்தில் சொருகுவார், கோசோத் தீவுக்காரர் பேச்சு தலைநகர்க்காரர் பேச்சிலிருந்து எப்படி விலகும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘மெலா’ (நம் ‘அப்போ’, ‘சரி’ போன்ற சொல்) போட்டுப் பேசும் அந்த வேகத்தை நான் காதில் வாங்கியது வெள்ளிக்கிழமைகளில்தான். அங்கே பேசியவர்கள் செய்தி வாசிப்பாளர்கள் அல்லர். மீனவர், செவிலியர், கொத்தனார், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார். என் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளாமல் அவர்கள் என் காதுபடப் பேசியது அந்தத் திரையில் மட்டுமே.

இது பொழுதுபோக்குக்காகக் கற்றதென்று எண்ணிவிடாதீர்கள். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போகிறது. இளமையில் ஆங்கிலேயக் குடும்பங்களில் வீட்டு வேலை பார்த்து நல்ல ஆங்கிலம் பேசிவந்த ஒரு கோசோப் பாட்டிக்குக் கடைசி மாதங்களில் ஓர் ஆங்கிலச் சொல்லும் புரியவில்லை. எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால் சுவரைப் பார்ப்பார். அவருடைய மொழியில் கேட்டால் கையை எடுத்து இடுப்பில் வைத்துக் காட்டுவார். பிள்ளைகள் தொலைவில் இருக்க, பக்கத்தில் நின்றவர்கள் கேரளத்துச் செவிலியும் பிலிப்பைன்ஸ் பராமரிப்பாளரும் நானும்தான். உங்கள் முதியவர்களின் வலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பொறுப்பு இன்று பெருமளவு எங்கள் கையில் இருக்கிறது. அதற்கான மொழியை நாங்கள் எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி உங்கள் நிகழ்ச்சி அட்டவணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி அல்ல.

தொலைக்காட்சி பார்த்து மொழி வருமா என்று கேட்பவருக்கு உங்கள் தீவே சாட்சி. வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்து சிசிலிப் பக்கமிருந்து வந்த இத்தாலிய ஒளிபரப்பைப் பிடித்துப் பார்த்தே ஒரு தலைமுறை முழுவதும் சரளமாக இத்தாலிய மொழி பேசக் கற்றுக்கொண்டது. கேபிள் இணைப்பும் ஆங்கில அலைவரிசைகளும் பரவியபின் அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அந்தச் சரளம் குறைந்துவிட்டது. எந்த வாத்தியாரும் இல்லாமல், பள்ளிக் கட்டணம் இல்லாமல், பாட்டும் போட்டி நிகழ்ச்சிகளும் பார்த்தே ஓர் அயல்மொழியை ஒரு நாட்டுக்கே கற்றுத்தர முடிந்த பெட்டியால், அந்த நாட்டின் சொந்த மொழியை அங்கே வந்து வாழ்பவர்களுக்குக் கற்றுத்தர முடியாதா?

வந்து வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மால்ட்டாவின் மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம். அதில் வெளிநாட்டவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5 லட்சத்து 19 ஆயிரத்தைத் தாண்டியது, அதில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர். பத்தே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்தைப் பற்றி உணவகங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் முகநூலிலும் எல்லோரும் பேசுகிறார்கள், பலர் கசப்போடு பேசுகிறார்கள். அந்தக் கசப்பை நான் குறை சொல்லவில்லை. வாடகை ஏறியிருக்கிறது, பேருந்தில் நிற்க இடமில்லை, தெருவில் காதில் விழும் மொழி மாறியிருக்கிறது. அந்தப் பேச்சு ஆளுக்கொரு மூலையில் முணுமுணுப்பாக நடப்பதைவிட, ஒரே அரங்கில், ஒரே மொழியில், எங்களையும் எதிரே உட்காரவைத்து நடப்பது நாட்டுக்கு நல்லது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தது. 2011 மே மாதம் விவாகரத்தை அனுமதிப்பதா என்று நடந்தபோது ஆதரவு 53 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. 2015இல் வசந்தகாலப் பறவை வேட்டையைத் தொடர்வதா என்ற வாக்கெடுப்பு மயிரிழையில் முடிந்தது. குடும்பத்துக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் நின்ற இந்தக் கேள்விகளைப் பற்றி நாடு பேசிய ஆண்டுகளில் எல்லாம் அந்த அரங்கம் இருந்தது. அடுத்த பெரிய கேள்வி நாங்கள்தான். அதைப் பேசும் வேளையில் அரங்கம் இல்லை.

குறைகளே இல்லாத நிகழ்ச்சி அது என்று வாதிட நான் வரவில்லை. கட்சிக்காரர்கள் கும்பலாக வந்து உட்கார்ந்து, எதிராளி வாய் திறக்குமுன் ஊளையிட்ட இரவுகள் உண்டு. ஆழமாகப் பேசவேண்டியதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, வேடிக்கைக்கு ஒரு மணி நேரம் கொடுத்த இரவுகளும் உண்டு. எங்களைப் போன்றவர்களைப் பற்றி நிறையப் பேசினார்கள், எங்களோடு பேசியது குறைவு. அதுவும் எனக்கு மனத்தாங்கல்தான். ஒருவரே 23 ஆண்டுகள் நடத்துவதும், ஒரே தனியார் நிறுவனமே தயாரிப்பதும் பொதுப்பணத்தில் ஓடும் அலைவரிசைக்கு அழகா என்று கேட்டவர்களுக்கும் நியாயம் இருந்தது. நடத்துநரை மாற்றியிருக்கலாம், தயாரிப்புக்குத் திறந்த போட்டி வைத்திருக்கலாம், பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்தியிருக்கலாம். இவற்றில் எதைச் செய்திருந்தாலும் நான் இம்மடலை எழுதியிருக்க மாட்டேன். கூரை ஒழுகுகிறதென்று வீட்டையே இடித்ததுதான் என் குறை.

இன்னொன்று, கடந்துபோன 23 ஆண்டுகளின் ஒளிப்பதிவுகள். உலகில் மால்ட்டிய மொழி பேசுவோர் சில லட்சம் பேர்தான். 1934இல் ஆட்சிமொழித் தகுதி பெற்று, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்றான பின்னும், கணினியுலகில் அது ஏழை மொழியாகவே இருக்கிறது. 2012இல் ஐரோப்பிய மொழிகளின் மின்னணு நிலையைப் பற்றி வந்த ஆய்வு வரிசை, ஐஸ்லாந்து, லாட்விய, லிதுவேனிய மொழிகளோடு மால்ட்டிய மொழியையும் மிகுந்த ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கருவியை ஒரு மொழிக்கு உருவாக்க வேண்டுமானால், எழுதிவைத்துப் படித்த பேச்சு மட்டும் போதாது. வயதானவர் பேச்சும் கிராமத்துப் பேச்சும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும் பேச்சும் மணிக்கணக்கில் வேண்டும். உங்கள் மொழியில் அத்தகைய பேச்சு இவ்வளவு பெரிய அளவில், இத்தனை ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக, வேறு எங்கே பதிவாகியிருக்கும்? உங்கள் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுரங்கம், வரலாறு எழுதுவோருக்கும் அப்படியே. அன்று அரங்கில் எழுந்து பேசியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை, அவர்களின் பிள்ளைகளுக்கு அது அப்பா அம்மாவின் குரல்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவதாக, அடுத்த பருவத்துக்கு வெளித் தயாரிப்பாளர்களிடம் நிகழ்ச்சித் திட்டங்களை வரவேற்கும்போது, மால்ட்டிய மொழியில், நேரலையாக, பார்வையாளர் பங்கேற்கும் வாராந்திர விவாத நிகழ்ச்சி ஒன்றைக் கட்டாயத் தேவையாக அறிவிப்பில் சேருங்கள். பழைய பெயர் வேண்டியதில்லை, பழைய நடத்துநரும் வேண்டியதில்லை. அரங்கில் யார் உட்காருவது என்பதைக் கட்சி அலுவலகங்களிடம் விடாமல், ஊர்வாரியாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்; கோசோவுக்கும் அதில் நியாயமான பங்கு வேண்டும். மால்ட்டிய மொழியில் பேசத் தெரிந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சில இருக்கைகளை ஒதுக்குங்கள். எங்கள் இலக்கணம் பிசகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்காக ஆங்கிலத்துக்கு மட்டும் மாறிவிடாதீர்கள்.

அந்த நிகழ்ச்சிக்கு மால்ட்டிய மொழியிலேயே எழுத்து வரிகள் வேண்டும். ஆங்கில வரிகள் போட்டால் எங்கள் கண் அங்கே போய்விடும், காது வேலை செய்யாது. காது கேளாதோருக்கு அவ்வரிகள் உரிமை. 2018இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒளிபரப்பு நெறிமுறையும் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் ஒளிபரப்பைப் படிப்படியாக மேம்படுத்தச் சொல்கிறது. 2016இல் மால்ட்டிய சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த நாட்டில், விவாதத்தைச் சைகையில் பெயர்ப்பவர் ஒருவர் திரையின் ஓரத்தில் நிற்பதும் முறை. எங்கள் கூடத்தில் காது மந்தமானவர்களே அதிகம். அந்தக் கப்பல்கட்டும் தொழிலாளிக்கு எழுத்து வரிகள் கிடைத்திருந்தால் பக்கத்து அறைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஷராபாங்கின் 23 ஆண்டுத் தொகுப்பையும், உரிமையில் பங்குள்ளவர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, நாள்வாரி, பொருள்வாரிப் பட்டியலோடு பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும்படி திறந்துவையுங்கள். தங்கள் துயரத்தை அன்று திரையில் சொன்ன தனிமனிதர்கள் சிலர் இன்று அதை விரும்பாமல் இருக்கலாம். அவர்கள் கேட்டுக்கொண்டால் அந்தப் பகுதியை நீக்கும் ஏற்பாடும் இருக்கட்டும். ஆய்வுக்கும் மொழிக் கருவிகளுக்கும் பயன்படுத்த மால்ட்டாப் பல்கலைக்கழகத்துக்கும் மால்ட்டிய மொழிக்கான தேசிய மன்றத்துக்கும் தனி அனுமதி கொடுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது, இயலாதென்றால் பணமா, உரிமைச் சிக்கலா, விருப்பமின்மையா என்பதை அக்டோபர் அட்டவணை வெளியாகுமுன் எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டாம், மால்ட்டிய மொழியில் எழுதுங்கள். நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மால்ட்டாவில் பணிபுரியும் தமிழ்ப் பராமரிப்பாளர் ஒருத்தி